பட்டறையில் சொன்ன பொய்

இஞ்சின் பிடித்துக்கொண்டதா, இல்லையா என்பது சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடிய ஒரு நாளில், ஒரு பொய்க்கு விலை கொடுப்பவர் யார் என்ற பெரிய கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்கு அன்று கிடைத்த விடை பாதிதான். மீதி விடை சில வாரம் கழித்து வந்தது.

பொள்ளாச்சிச் சாலையில் கிணத்துக்கடவைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். என் பழைய மோட்டார் சைக்கிள், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் வேகம் குறைந்து நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தேன். கிக்கர் கீழே இறங்கவில்லை. கல்லை உதைத்தது போலிருந்தது. வெயிலில் நாலு பேர் கூடினார்கள். "இஞ்சின் போச்சுங்க" என்றார் ஒருவர். "கியர் பெட்டிங்க" என்றார் இன்னொருவர். வண்டியைத் தொடாமலே இருவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சரக்கு வண்டியில் ஏற்றி, உக்கடத்துப் பக்கம் ஒரு சிறு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த மெக்கானிக் தீர்ப்புச் சொல்லவில்லை. "புடிச்சிருக்கலாம், புடிக்காமயும் இருக்கலாமுங்க" என்றார். கிக்கர் இறங்காததற்குக் காரணங்கள் பல உண்டு. கிக்கரின் பல்சக்கரமே சிக்கியிருக்கலாம். கிளட்ச்சுப் பக்கத்துச் சங்கிலி அறுந்து மாட்டியிருக்கலாம். சிலிண்டருக்குள் பெட்ரோலோ தண்ணீரோ நிறைந்து, பிஸ்டனை மேலே வரவிடாமல் தடுக்கலாம். அல்லது எண்ணெய் வற்றிச் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வியிருக்கலாம். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. நடுவே உள்ள மயிரிழை இடைவெளியைக் காப்பது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

ஆகவே அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆயில் எப்பங்க பார்த்தீங்க?"

"போன வாரந்தான். நிறைய இருந்தது" என்றேன்.

பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? அவரை ஏமாற்றிக் காசு மிச்சம் பிடிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஒரு வண்டியைக்கூடப் பேணத் தெரியாதவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்ற வெட்கம்தான். "நிக்கறதுக்கு முன்னால சத்தம் ஏதாச்சுங்களா?" என்றார். இரண்டு நாளாகவே டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. "ஒன்றுமில்லை" என்றேன். முதல் பொய்க்குக் காவலாக இரண்டாவது பொய்.

அவர் என்னை நம்பினார். எண்ணெய் இருக்கிறது, சத்தமும் இல்லை என்றால் பிஸ்டனின் மேல் சந்தேகம் குறையத்தானே செய்யும்? பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் இல்லை. மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் பலமாகவே அசைத்தார். கிக்கர்ப் பக்கத்து மூடியைத் திறந்தார். கிளட்ச்சுப் பக்கத்தைத் திறந்தார். எல்லாம் முழுசாக இருந்தன. பிற்பகல் மூன்று மணிக்கு, அடித்திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தார். கன்னங்கரேலென்று நாலு கரண்டி வந்தது.

நான் தரையைப் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா மத்தியானச் சோத்துக்காச்சும் போயிருப்பனுங்க" என்றார். பிளக் துவாரத்தில் எண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டார். மறுநாள் சக்கரத்தை மெல்ல அசைத்ததும் பிஸ்டன் இளகியது. தலையைக் கழற்றினால் சிலிண்டர்ச் சுவரில் நீளநீளமாகக் கோடுகள். எந்தக் கோடு சாலையில் விழுந்தது, எந்தக் கோடு என் பேச்சை நம்பி அவர் அசைத்தபோது விழுந்தது என்று யார் பிரித்துச் சொல்வது?

கோயமுத்தூரில் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ஜி. டி. நாயுடுவை (1893–1974) நினைக்காமல் இருக்க முடியாது. இளமையில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். பிறர் சொல்லை எதிர்பாராமல் பிரித்துப் பார் என்பது நல்ல பாடம். ஆனால் எதையும் எப்போதும் பிரித்துக்கொண்டிருக்க முடியுமா? வைத்தியர் வயிற்றைத் திறக்கும் முன்னால், நேற்று என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்கிறார். வள்ளுவரும் மருந்தை நான்கு கூறாகப் பிரித்தபோது, வைத்தியனுக்கும் முன்னால் நோயாளியைத்தான் வைத்தார். அவன் வாயிலிருந்து வரும் உண்மையும் மருந்தில் ஒரு பங்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரீபோர் செலவை நான் கொடுத்தேன்; அவர் ஒரு வேளைச் சோற்றை இழந்தார். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து அதே பட்டறைக்குப் போயிருந்தேன். சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆயில் நேத்துத்தான் ஊத்துனேன் தம்பி" என்றார். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. அளவுக்குச்சியை உருவித் துடைத்து, மறுபடியும் விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் மேல்கோடு வரை இருந்தது.

பெரியவர் முகம் சுண்டிவிட்டது. "நானென்ன பொய்யா சொல்றேன்?"

"அப்படியில்லீங்க. எல்லார்த்துக்கும் பார்க்கறதுதானுங்க."

என்னிடம் கேட்ட அன்று அவர் குச்சியை உருவவில்லை. அவர் இப்போது செய்வதில் குற்றமும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்ட மனிதர் அப்படித்தான் செய்வார். ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒருவன் குப்பையைக் கொட்டினால், அடுத்து வருகிறவன் எவ்வளவு நல்லவனானாலும் அதே தண்ணீரைத்தான் இறைக்க வேண்டியிருக்கிறது. என் பொய்யின் மீதி விலையை, என்னை முன்பின் அறியாத ஒரு பெரியவர் என் கண்ணெதிரே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகம் உங்கள் மேல் இல்லை, பெரியவரே, அது என்னால் வந்தது" என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். முதல் நாள் என் வாயைக் கெடுத்த அதே வெட்கம், அன்று என் வாயை அடைத்துவிட்டது.