கொடியேற்றும் நாளில் பெற்றவர்களின் இடம்

2022-இல் அகமதாபாதில் ஒரு வீட்டுக்குத் தபாலில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே சௌரிய சக்ரா பதக்கம். 2017-இல் காஷ்மீரின் குல்காமில் நடந்த சண்டையில் உயிர்விட்ட லான்ஸ் நாயக் கோபால் சிங் பதௌரியாவுக்கு அளிக்கப்பட்ட பதக்கம் அது. குடும்பத்துக்குள் நடந்த நீதிமன்ற வழக்கால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய், கடைசியில் தபாலில் வந்து சேர்ந்தது. தந்தை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இது மரியாதை அல்ல, அவமதிப்பு. குடியரசுத் தலைவர் கையால், நாடு பார்க்கத் தரப்பட வேண்டும் என்பது அவர் வாதம்.

பதக்கம் எப்படி வந்தால் என்ன, போன உயிரா திரும்பப் போகிறது என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்தத் தந்தை செய்ததே அறம். மகனை நாட்டுக்குக் கொடுத்த ஒருவர், நாடு தன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. 2015 ஜனவரி 26 அன்று டெல்லி ராஜபாதையில், சண்டையில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்ராவை அவர் மனைவி பெற்றுக்கொண்டார். வெளிநாட்டு அதிபர் ஒருவர் விருந்தினராக அமர்ந்திருந்த அந்த விழாவில், நாடு முழுவதும் அந்தச் சில நிமிடங்கள் அவரையே பார்த்தது. ஒருவருக்கு அது, இன்னொருவருக்குப் பார்சல். இந்த வேற்றுமையை நியாயப்படுத்த எந்த அலுவலக நடைமுறையாலும் முடியாது.

இந்தக் கேள்வி டெல்லிக்கும் அகமதாபாதுக்கும் மட்டும் உரியதல்ல. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் இருவர்: தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டம் கார்குடி சிவசந்திரன். குடியரசு தினம் முடிந்து 19 நாள்தான் ஆகியிருந்தது. அந்த வீடுகளுக்கு இனி ஒவ்வோர் ஆண்டும் முதலில் கொடியேற்றம் வரும். பின்னாலேயே நினைவு நாள் வரும்.

அரியலூரோ பெரம்பலூரோ, மாவட்டத் தலைநகரின் மைதானத்தில் குடியரசு தினத்தன்று என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்சியர் கொடியேற்றுவார். மூவர்ண பலூன்கள் பறக்கும், வெண்புறாக்களைக் கூண்டிலிருந்து எடுத்து விடுவார்கள். காவலர் அணிவகுப்பு, பள்ளிப் பிள்ளைகளின் நடனம். இடையில் ஒரு பெயரை மைக்கில் வாசிப்பார்கள். சலவை வேட்டி கட்டிய ஒரு முதியவர் எழுந்து மெல்ல நடந்து வருவார். தோளில் பொன்னாடை விழும். படம் எடுத்ததும் அடுத்த பெயர். இதில் ஒரு தகப்பனுக்கு என்ன அர்த்தம் கிடைத்துவிடும் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கிடைக்கிறது. அதுவரை அவர் வீட்டுக்குள் ஒற்றை ஆளாகச் சுமந்த பெயரை, ஊர் முழுவதும் ஒருமுறை எழுந்து நின்று கேட்கிறது. துக்கம் குறையாது, தூக்குவதற்கு ஆள் சேருகிறது. அதை ஏமாளித்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். போரில் மாண்டவனுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு, பெயர் பொறித்து, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியார் ஒரே மகனையும் களத்துக்கு அனுப்பும் தாயைப் பாடினார். காக்கைபாடினியார் நச்செள்ளையார், மகன் புறமுதுகிடவில்லை என்று பிணங்களுக்கிடையே தேடி அறிந்து மகிழ்ந்த தாயைப் பாடினார். மேடைப் பேச்சாளர்கள் இந்த இரண்டையும் சொல்லாத குடியரசு தினம் இல்லை. பூங்கணுத்திரையாரின் புறநானூற்றுப் பாட்டை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள். அதிலும் மகன் வீரமாக இறந்தான் என்று கேட்ட முதியவள், அவனைப் பெற்ற பொழுதைவிட அதிகமாக மகிழ்கிறாள். ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. அவள் சிந்திய கண்ணீர் எவ்வளவு என்று சொல்லித்தான் முடிகிறது. பெருமையும் அழுகையும் ஒரே முகத்தில். அதைப் பிரிக்கும் துணிவு அந்தப் புலவருக்கு வரவில்லை.

நமக்கு வந்துவிடுகிறது. “அழாதீங்கம்மா, நீங்க வீரத்தாய்” என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான்; ஆனால் அந்தச் சொல் ஒரு தாயிடமிருந்து பறிப்பது கொஞ்சமல்ல. பகைவனான இந்திரசித்து மாண்டபோதுகூட, இராவணனும் மண்டோதரியும் அழுவதற்கு ஒரு படலத்தையே ஒதுக்கினான் கம்பன். நம் பிள்ளைக்காக நம் தாய் அழ, விழா நிரலில் இரண்டு நிமிடம் இல்லையா?

வள்ளுவர் இன்னும் கடுமையானவர். படைச்செருக்கு அதிகாரத்தின் கடைசிக் குறளில், தன்னைக் காத்த தலைவனின் கண் கலங்கும்படி நேரும் சாவு இரந்தும் பெறத்தக்கது என்கிறார். வீரனுக்குச் சொன்னதாகவே இதை எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ஆள்பவருக்கும் அதில் கட்டளை உண்டு. அனுப்பியவன் கண் கலங்க வேண்டும். பதக்கத்தைத் தபாலில் போட்டு அனுப்பும் அரசின் கண் கலங்கியிருக்க வாய்ப்பில்லை.

அரசும் கட்சிகளும் இந்தத் துயரத்தைத் தங்களுக்கு அலங்காரமாக்கிக்கொள்வதும் உண்மை. 2019 மார்ச்சில், படைவீரர்களின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையமே கட்சிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அது பயன்படுத்தியவர்களின் பாவம். அதற்காகப் பெற்றவர்களின் நாளைப் பறிக்க முடியாது. விழாவே பிடிக்காமல் அன்று கதவைச் சாத்திக்கொள்ளும் தாய்க்கும் அதே மரியாதை உண்டு. அவளை வற்புறுத்தி மேடையேற்றுவது கொடுமை.

அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. வடக்கே படை சென்று வென்றதன் நினைவாக எழுந்த நகரம். ஆயிரம் ஆண்டாக அரசனின் பெயர் அங்கே நிற்கிறது. அந்தப் படையிலிருந்து திரும்பாத காலாள் ஒருவனின் தாய் யார் என்று நமக்குத் தெரியாது. மன்னராட்சி அப்படித்தான் இருக்கும். 1950 ஜனவரி 26-க்குப் பிறகு அப்படி இருக்கக் கூடாது. குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்டால், அதன் நாளில் முதல் பெயர் திரும்பாதவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. வரவு செலவைப் படிப்பதற்கு முன்னால், அந்த ஊரிலிருந்து சென்று திரும்பாதவர்களின் பெயர்களைத் தலைவர் எழுந்து நின்று வாசிக்கலாம். விருப்பமுள்ள பெற்றோரை முந்தின நாளே வீட்டுக்குப் போய் அழைக்கலாம், சுற்றறிக்கையில் அல்ல. பதக்கமோ சான்றிதழோ எதுவானாலும், ஆட்சியரே அந்த வாசல் ஏறிக் கொடுக்கட்டும். பட்டாவுக்கோ ஓய்வூதியத்துக்கோ அந்தத் தகப்பனின் மனு அலுவலகத்தில் கிடக்கிறதா என்று பொன்னாடை வாங்குவதற்கு முன்பே ஒருவர் பார்த்திருக்க வேண்டும். கிடந்தால், விழா மேடையிலேயே ஆணையைக் கொடுத்துவிடலாம்.