விருந்தினனா, பகைவனா?

ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரு சொற்கள் ஒன்றுக்கொன்று பகையாகி நிற்பதை மொழிநூல் நமக்குக் காட்டுகிறது. விருந்தினனை ஜெர்மானியர் 'காஸ்ட்' என்பர். ஆங்கிலேயர் 'கெஸ்ட்' என்பர். ரஷ்யர் 'கோஸ்த்' என்பர். இவற்றின் உடன்பிறப்பாகிய 'ஹொஸ்திஸ்' என்னும் இலத்தீன் சொல்லோ பகைவனைக் குறிக்கிறது. இதனைச் சொல்லாராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. முன்பின் அறியாதவன் வாயிலில் வந்து நிற்கும்போது அவனை யாராகக் கொள்வது என்னும் வினா இதனுள் அடங்கிக் கிடக்கிறது.

வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பேசுவோர், 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1767-இல், புதுச்சேரியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு கேர்து இவ்வுறவைக் குறித்துப் பாரிசுக்கு எழுதியனுப்பினார். அக்கட்டுரை அச்சேறியது 1808-இல். அவர் மறைந்து அப்போது இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்வந்த அறிஞர்கள் ஒலிமாற்றங்களின் ஒழுங்கைக் கண்டறிந்து, எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் இல்லாத ஒரு மூலமொழியின் சொற்களை மீட்டமைத்தனர். அச்சொற்களின் தலையில் ஓர் உடுக்குறி இடுவது மரபு. 'இது எழுத்தில் கண்டதன்று, அறிவால் உய்த்துணர்ந்தது' என்பது அதன் பொருள். அவ்வாறு மீண்ட சொற்களுள் ஒன்று 'கொஸ்தி'. (நம் ஊர்க் கோஷ்டிப் பூசலோடு இதற்கு உறவில்லை, அது வேறு குலம்.)

மூலச்சொல் விருந்தினனையும் குறிக்கவில்லை, பகைவனையும் குறிக்கவில்லை. அயலானையே குறித்தது எனலாம். உரோமைச் சான்றோர் சிசெரோ, கடமைகள் குறித்து கி.மு. 44-இல் எழுதிய நூலில் இதனை நினைவுகூர்கிறார். முன்னோர் காலத்தில் ஹொஸ்திஸ் என்றால் வெளிநாட்டான் என்றே பொருள். பன்னிரு பலகைச் சட்டத்திலும் அச்சொல் அப்பொருளிலேயே வருகிறது. பகைவனையும் அத்தகைய மென்சொல்லால் அழைத்த முன்னோரின் கனிவு பெரிது. காலம்தான் அச்சொல்லைக் கடுமையாக்கிவிட்டது என்கிறார் அவர்.

காலத்தின்மேல் மட்டும் பழியைப் போடுவது எளிது. பிரெஞ்சு மொழியறிஞர் எமில் பென்வெனிஸ்த் 1969-இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஆழமாகச் செல்கிறார். யூதராகிய அவர், இரண்டாம் உலகப் போரில் கைதியாகிப் பின் தப்பி, சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர் விளக்கத்தின்படி, தொடக்கத்தில் ஹொஸ்திஸ் என்பவன் எந்த அயலானும் அல்லன். கொடுத்தும் பெற்றும் நம்மோடு ஈடான உரிமை கொண்ட அயலான். இன்று அவனை நாம் ஏற்போம். நாளை அவன் நம்மை ஏற்பான். பிரெஞ்சு மொழியில் விருந்தளிப்பவனுக்கும் விருந்துண்பவனுக்கும் 'ஓத்' என்னும் ஒரே சொல் இன்றும் வழங்குவது அப்பழைய உறவின் எச்சம் போலும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நின்ற இவ்வுறவு, நகர அரசு வலுப்பெற்றபோது நலிந்தது. எல்லைக்கு உள்ளே இருப்பவன் குடிமகன். வெளியே இருப்பவன் பகைவன்.

வேர்ச்சொல் நீதிபதியன்று, தொடக்கப் பொருளே உண்மைப் பொருள் என்று வாதிடுவது பிழை. எனினும் ஒரு சமூகம் எந்த இடத்தில் வழி திரும்பியது என்பதைச் சொல் மறைப்பதில்லை. அதே வேரோடு 'தலைவன்' என்னும் சொல் இணைந்து இலத்தீனில் 'ஹொஸ்பெஸ்' பிறந்தது. மருத்துவமனையையும் மாணவர் விடுதியையும் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் அதன் வழிவந்தவை. ஸ்லாவிய மக்கள் திருவழிபாட்டில் ஆண்டவரை அழைக்கும் 'கோஸ்போத்' என்னும் சொல்லும் இவ்விணைப்பிலேயே பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. கடவுளுக்கு இட்ட பெயருக்குள் விருந்தோம்பும் வீட்டுத் தலைவன் ஒளிந்திருக்கிறான்!

ஆயினும் அந்தப் பழைய விருந்தோம்பலில் நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்று உண்டு. அது கணக்கை நம்பி நின்றது. திருப்பித் தர இயலாதவன் வந்தால்? வீடும் நாடும் இழந்து, கைக்குழந்தையோடு எல்லையில் நிற்பவனிடம் நாளைக்குத் தருவதற்கு என்ன இருக்கிறது? கணக்கு முறிந்த இடத்தில் விருந்தினன் பகைவனாக மாறுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் இயேசு இக்கணக்கையே கிழித்துப்போடுகிறார். கைம்மாறு செய்யக்கூடிய நண்பரையும் செல்வரையும் விடுத்து, கைம்மாறு செய்ய வழியற்ற ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் விருந்துக்கு அழைக்கப் பணிக்கிறார்.

இதற்கும் ஒரு மறுப்பு எழும், அது அற்பமானதன்று. ஈடாகத் தரும் உரிமை இருந்தவரை அயலான் தலைநிமிர்ந்து உண்டான். பெற்றுக்கொண்டே இருப்பவன் நாளடைவில் கூனிப்போகிறான். நிவாரண வரிசையில் நின்று சோறு வாங்குபவரின் கண்களை நேருக்கு நேர் நோக்கியவர்க்கு இது விளங்கும். கைம்மாறு கருதாத ஈகை, பெறுபவனை என்றென்றும் பெறுபவனாகவே வைத்திருக்குமாயின், பழைய கணக்கே மேலானதன்றோ? அதில் அவன் நமக்கு ஈடாகவாவது நின்றான்.

நம் கோயில்களில் முதியோர் வாயில் இன்றும் வழங்கும் 'ஓஸ்தி' போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொல். அதன் இலத்தீன் மூலமாகிய 'ஹொஸ்தியா' பலிப்பொருளைக் குறிக்கும். ஈடுசெய்தல் என்னும் பொருளின் வழியே அதனையும் ஹொஸ்திஸ் என்னும் சொல்லோடு உறவாக்குகிறார் பென்வெனிஸ்த். ஆங்கிலத்திலோ விருந்தளிப்பவன், படைத்திரள், ஓஸ்தி ஆகிய மூன்றுக்கும் 'ஹோஸ்ட்' என்றே பெயர்.

எம்மாவு செல்லும் வழியில் சீடர் இருவர் ஓர் அயலாரைச் சந்தித்தனர். பொழுது சாய்ந்ததால் தங்களோடு தங்குமாறு அவரை வற்புறுத்தினர். வீடு அவர்களுடையது, மேசையும் அப்பமும் அவர்களுடையவை, அவரோ வெறுங்கையோடு வந்தவர். பந்தியில் அமர்ந்தபோது அப்பத்தை எடுத்து, வாழ்த்தி, பிட்டுக் கொடுத்தவர் வீட்டார் அல்லர். விருந்தினரே கொடுத்தார், அழைத்தவர்கள் கைநீட்டிப் பெற்றுக்கொண்டனர்.