மாறியும் அதுவாக இருப்பது

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போனால், கடைசியில் எஞ்சுவது பழைய பொருள்தானா என்பது இந்தியத் தத்துவத்தின் நெடுநாளைய வழக்கு. தமிழில் இது மூன்று தரப்பாக நடந்திருக்கிறது. எதுவும் ஒரு கணத்துக்கு மேல் நிற்பதில்லை என்பது பௌத்தர் வாதம். ஒரே பொருள் என்று தோன்றுவது, தோன்றி மறையும் கணங்களின் தொடர்ச்சிதான். சமணர் இதை மறுத்தனர். தோன்றுதல், அழிதல், நிலைத்தல் மூன்றும் ஒரு பொருளில் ஒருங்கே உள்ளன. எந்த நோக்கில் என்று சொல்லாமல் 'அதே' என்றோ 'வேறு' என்றோ தீர்ப்புக் கூறலாகாது. பௌத்த நூலான குண்டலகேசிக்கு எதிராக எழுந்த நீலகேசி இத்தரப்பின் நூல். சைவ சித்தாந்தமோ காரியம் காரணத்துக்குள் முன்பே அடங்கியிருக்கிறது என்றது: இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகள் நான்கையும் தனித்தனியே எடுத்து மறுத்தார்.

இவ்வழக்கை இன்று உரசிப் பார்க்க ஓப்பன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் ஸ்விட்ச் உதவும். ஒரே சர்வருக்குள் இயங்கும் பல மெய்நிகர் கணினிகளுக்கிடையே பாக்கெட்டுகளைப் பிரித்து அனுப்புவது இதன் வேலை. நிசிரா நிறுவனத்தில் உருவாகி 2009இல் வெளியான இது, 2012இல் லினக்ஸ் கெர்னலின் 3.3 பதிப்பிலும் இடம்பெற்றது. எந்தப் பாக்கெட்டை எங்கே அனுப்புவது என்ற விதிகளை கன்ட்ரோலர் என்ற தனி நிரல் இதற்குச் சொல்கிறது. ஸ்விட்சும் கன்ட்ரோலரும் பேசும் நெறிமுறைகளுள் முதன்மையானது ஓப்பன்ஃப்ளோ. அதன் 1.0 பதிப்பு 2009 டிசம்பரில் வந்தது. 2011இல் 1.1, 1.2 என இரண்டும், 2012இல் 1.3, 2013இல் 1.4, 2014 இறுதியில் 1.5 என அடுத்தடுத்து ஐந்து பதிப்புகள் வந்தன. பழைய கன்ட்ரோலர்கள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியவற்றுக்கும் ஸ்விட்ச் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

புதிய வசதிகளைச் சேர்ப்பது இதில் எளிய பகுதி. பழைய பெயரிலேயே பொருள் மாறிய இடங்கள்தான் சிக்கலானவை. ஒரு விதியைத் 'திருத்து' என்று 1.0இல் கட்டளையிட்டால், பொருந்தும் விதி இல்லாதபோது புதிதாக ஒன்று சேர்க்கப்படும். 1.2 முதல் அதே கட்டளை எதையும் சேர்ப்பதில்லை. எந்த விதிக்கும் பொருந்தாத பாக்கெட்டை 1.0 கன்ட்ரோலருக்கு அனுப்பிவைக்கும், 1.3இல் அதற்கென்று விதி எழுதப்படாவிட்டால் பாக்கெட் கைவிடப்படும். இங்கே புதியதை மட்டும் பின்பற்றினால், பழைய கன்ட்ரோலரின் வலையமைப்பு காரணம் தெரியாமல் முடங்கும்.

ஸ்விட்சை வடிவமைத்தவர்கள் இதை மூன்று வழிகளில் எதிர்கொண்டனர். முதலாவது, உள்ளே எந்தப் பதிப்பையும் சாராத ஒரு பொது வடிவத்தில் விதிகளை வைத்து, வாசலில் மட்டும் பதிப்புக்கேற்ப மொழிபெயர்ப்பது. இரண்டாவது, இணைப்பின் தொடக்கத்திலேயே பதிப்பைப் பேசி முடிப்பது. இரு தரப்பும் தமக்குத் தெரிந்த உயர்ந்த பதிப்பை அறிவிக்கும், இரண்டில் தாழ்ந்தது தேர்வாகும், அது ஒருவருக்குத் தெரியாவிட்டால் இணைப்பு பிழைச் செய்தியோடு முறியும். மூன்றாவது, முழுமை பெறாத பதிப்பைத் தானாக இயங்கவிடாமல், நிர்வாகி விரும்பிக் கேட்டால் மட்டும் திறந்துவிடுவது. 1.3 பதிப்பு 2012இலேயே வந்துவிட்டாலும், அது இயல்பாகவே இயங்கும் நிலையை ஓப்பன் விஸ்விட்ச் 2014இல்தான் எட்டியது.

இனி மூன்று தரப்புகளையும் இதில் வைத்துப் பார்க்கலாம். நிரல்வரிகள் ஓயாமல் மாற்றி எழுதப்படுவதால், நிலைத்த உறுப்பு எதுவுமில்லை என்ற பௌத்தர் கூற்று பொருந்துகிறது. ஆனால் அந்தத் தொடர்ச்சியில் எதைக் காக்க வேண்டும் என்பதற்கு அக்கூற்றில் விடை இல்லை. சித்தாந்தக் கொள்கைக்கும் சான்றுண்டு. பாக்கெட்டின் புலங்களை விரித்துச் சொல்ல நிசிரா சொந்தமாகச் சேர்த்திருந்த முறையே, 1.2இல் பொதுத் தரத்தின் அடிப்படையாயிற்று. வரவிருந்தது முன்பே உள்ளே இருந்தது. எனினும் 'அனுப்பு' என்பதற்குள் 'கைவிடு' அடங்கியிருந்ததாகச் சொல்ல முடியாது. நேர்முரணான இந்த இடத்தில் சமணர் விடையே நிற்கிறது. 1.0 பேசுபவர் நோக்கில் ஒன்று, 1.3 பேசுபவர் நோக்கில் இன்னொன்று. நோக்கு எது என்பதோ தொடக்க உரையாடலிலேயே தீர்மானமாகிவிட்டது. எதுவும் சரி என்று விட்டுவிடும் தளர்ச்சியாக இதைக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு நோக்குக்குள்ளும் விதி கறாரானது.

ஒன்றின் உறுப்பும், அதைச் சார்ந்தோர் உறவும் பிரிந்துபோகும் நிலை மென்பொருளுக்கு மட்டுமல்ல, ஊர்களுக்கும் நேர்ந்ததுண்டு. தருமபுரி மாவட்டம் ஏரியூரை அடுத்த நாகமரை, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ளது. 1925இல் தொடங்கிய அணைக் கட்டுமானம் 1934இல் முடிந்தபோது, நீர்பிடிப்புப் பகுதி மக்கள் வேறிடங்களில் குடியேறினர். எதிர்க்கரைப் பண்ணவாடியில், நீர்மட்டம் தாழும் காலங்களில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. கல் அங்கேயே நிற்கிறது, ஊர் மட்டும் அங்கில்லை. ஊர் என்பது கல்லும் மண்ணும் மட்டும் என்றால் இந்த வாக்கியத்துக்கே பொருளிராது. மனிதர் ஒருவருக்கொருவர் கொண்ட கடப்பாடுதான் இடம்பெயர்ந்தும் ஊராக நீடிக்கிறது.

ஸ்விட்சின் அடையாளமும் அத்தகையதே. தன்னை நம்பிப் பேசுபவரிடம் ஒப்புக்கொண்ட பொருளில் நடந்துகொள்ளும்வரை, உள்ளே எல்லாம் மாறினாலும் அது அதே ஸ்விட்ச். ஒரு சொல்லின் பொருளை அறிவிக்காமல் மாற்றினால், மற்றப் பகுதிகளில் ஒரு வரிகூடத் திருத்தப்படாவிட்டாலும் அது வேறொன்றாகிவிடும். ஆகவே புதிய பதிப்பைத் திட்டமிடுவோர் பழையதை இன்னும் பேசுபவர் யார், எந்தச் சொல்லின் பொருள் மாறுகிறது, எதைச் செய்ய இயலாதென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் முதலில் வரையறுக்க வேண்டும். பழைய பதிப்பு என்றென்றும் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இதிலில்லை. அதைப் பேசுபவர் இல்லாதபோதும், முன்கூட்டி அறிவித்து அவகாசம் தந்த பின்னும் அதை நிறுத்தலாம்.