தாடியும் எதிராளியும்

குத்துச்சண்டை வீரனொருவன் தாடியுடன் மேடையேறலாமா என்ற வினா முதற்பார்வையில் நகைப்புக்குரியதாகவே தோன்றும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை முகத்திலும் நெஞ்சிலும் குத்தி வீழ்த்துவதையே குறிக்கோளாகக் கொண்ட விளையாட்டில், குத்து விழுகின்ற முகம் மழித்த முகமா அன்றா என்று விசாரிப்பது எதற்கு என வாசகர் வினவக்கூடும். ஆயினும் இவ்வினாவின் பொருட்டு மனிதர்கள் நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரது வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

பர்தீப் சிங் நாக்ரா என்பவர் கனடாவில் வாழும் சீக்கியர். ஒன்ராறியோ மாகாணத்தில் மிகக் குறைந்த எடைப்பிரிவொன்றின் சம்பியனாக விளங்கியவர். 1999 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள கம்பெல் றிவர் என்னும் ஊரில் நடைபெறவிருந்த தேசியப் போட்டியில் மோதுவதற்கு அவர் தகுதி பெற்றிருந்தார். ஆனால் அமெச்சூர் குத்துச்சண்டையின் விதிகள் தாடியைத் தடுத்தன. சீக்கியருக்கோ, 1699 இல் கால்சா நிறுவப்பட்ட காலந்தொட்டு, உடலின் மயிரை வெட்டாது பேணுதல் சமயக் கடமையாகும். தாடியை ஒரு வலைக்குள் அடக்கிக் கட்டிக்கொள்ள நாக்ரா இணங்கினார். மழிப்பதற்கு மட்டும் மறுத்தார். வழக்கு ஒன்ராறியோ நீதிமன்றத்துக்குச் சென்றது. அவரை மோதவிட வேண்டுமென நீதிமன்றம் பணித்தது. அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் சிந்தனைக்குரியது. அவரைத் தாடியுடன் மேடையேற்றுவதிலும் பார்க்க, அவருடைய எடைப்பிரிவுப் போட்டியையே கைவிடுவது மேலெனப் போட்டியை நடத்தியோர் முடிவு செய்தனர். ஒருவரது தாடையில் இருந்த மயிருக்காக, ஒழுங்காகச் சவரஞ் செய்துகொண்டு வந்திருக்கக்கூடிய ஏனைய வீரர்களும் வாய்ப்பை இழந்தார்கள்.

இவ்வளவு பிடிவாதமாகக் காக்கப்பட்ட ஒரு விதிக்குப் பின்னால் வலிய நியாயம் ஏதேனும் இருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது இயல்பே. மனிதனொருவனைப் பார்த்து ‘உன் உடலை இவ்வாறு மாற்றிக்கொண்டு வா’ என்று கட்டளையிடுவதற்கு ஓர் அமைப்புக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? இருவர் மோதும் விளையாட்டில் இதற்குத் தகுந்த விடை ஒன்றே உண்டு என்பது என் கருத்து: அம்மாற்றம் இல்லாவிடின் எதிரே நிற்பவனுக்குத் தீங்கு நேரும், அல்லது அவனுக்குரிய சமவாய்ப்புக் குறைந்துபோகும் என்று காட்டப்படல் வேண்டும். தாடித் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களும் பெரும்பாலும் எதிராளியின் பெயராலேயே சொல்லப்பட்டன. ஆதலின் அவற்றை அவ்வழியிலேயே பரிசீலிப்போம்.

மயிர் பிடிமானமாகும் என்பது மிகப் பழைய அச்சம். அதற்கு வரலாற்றிலே ஓர் ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற யூத வீரரான டானியல் மென்டோசா 1795 இல் ஜோன் ஜக்சன் என்பவரோடு மோதியபோது, ஜக்சன் அவருடைய நீண்ட தலைமயிரை ஒரு கையாற் பற்றிக்கொண்டு மறு கையாற் குத்தி அவரை வீழ்த்தினார். அக்காலத்தில் அது விதிமீறல் அன்று. இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மயிரினால் நட்டமடைந்தவர் மயிர் வைத்திருந்தவரே, எதிராளி அல்லர். இரண்டாவது, அது வெறுங்கைச் சண்டைக் காலம். 1867 இல் வெளிவந்த குயின்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. பஞ்சு திணித்த கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நிற்பவன் இன்னொருவனின் தாடியைப் பற்றியிழுப்பது எங்ஙனம்? காரணம் செத்துப்போன பின்னரும் விதி மட்டும் உயிரோடிருப்பது நம் சமுதாயத்துக்குப் புதியதன்று.

முரட்டு மயிர் எதிராளியின் கண்ணையும் தோலையும் உராய்ந்து புண்படுத்தும் என்றும் கூறினர். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மயிர் முரடாக இருப்பது எப்போது? சவரஞ் செய்து இரண்டொரு நாள் கழிந்தபின் முளைக்கும் கட்டைமயிரே முட்போலக் குத்தும். வளர்ந்த தாடி மென்மையானது. இதனை அறியச் சர்வகலாசாலைக்குச் செல்ல வேண்டியதில்லை. தந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்த எந்தக் குழந்தையும் அறியும். தாடிக்குள் வெட்டுக்காயம் மறைந்துவிடும், வைத்தியர் பார்க்க முடியாது என்பது மற்றொரு காரணம். குத்துச்சண்டையில் ஆட்டத்தை நிறுத்தச் செய்யும் வெட்டுக்கள் பெரும்பாலும் கண்ணைச் சுற்றியே, குறிப்பாகப் புருவத்திலேயே ஏற்படுகின்றன. காயத்தை மறைப்பதுதான் குற்றமெனில் முதலில் மழிக்கப்பட வேண்டியது புருவமே.

எஞ்சுவது தாடி ஒரு மெத்தைபோல நின்று குத்தின் விசையைக் குறைக்கிறது என்னும் வாதம். இதனை ஏளனஞ் செய்து ஒதுக்கிவிட முடியாது. சிங்கத்தின் பிடரிமயிர் பகைச் சிங்கங்களின் தாக்குதலிலிருந்து கழுத்தைக் காக்கக்கூடும் என்று டார்வின் 1871 இல் எழுதினார். மனிதனின் தாடியை அவர் பெரிதும் பாலியல் தெரிவின் வழிவந்த அணியாகவே கருதினார். 2020 இல் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதனைச் சோதனைக்கு உட்படுத்தினர். எலும்பையொத்த செயற்கைப் பொருளொன்றின் மீது செம்மறியாட்டுத் தோலைப் போர்த்து, அதன்மேல் பாரத்தை விழுத்திப் பார்த்தனர். அடர்ந்த மயிருள்ள தோல், மயிர் பிடுங்கப்பட்ட தோலைவிட 37 வீதம் அதிகமான சக்தியை உள்வாங்கியது. மறு ஆண்டு இந்த ஆய்வுக்கு இக் நோபல் என்னும் விளையாட்டுப் பரிசுகளுள் சமாதானத்துக்கானது கிடைத்தது. வேடிக்கையை விடுத்து நோக்கினும், ஆய்வு எதனைக் காட்டுகிறது என்பதில் நிதானம் வேண்டும். சோதிக்கப்பட்டது எலும்பு முறிவு. மயிரோ ஆட்டின் செறிந்த கம்பளி. குத்துச்சண்டையில் மனிதன் நினைவிழந்து வீழ்வது தாடை எலும்பு முறிவதால் அன்று. தாடையில் விழும் குத்துத் தலையைச் சடுதியாகச் சுழற்ற, மண்டையோட்டினுள் மூளை அதிர்வதாலேயே. கத்தரித்துச் சீராக்கிய சிறு தாடியொன்று அச்சுழற்சியைத் தடுக்கும் என்று எவரும் நிறுவியதில்லை.

தொழில்முறைக் குத்துச்சண்டை இவ்வாதத்தை வேறொரு வகையிற் சோதித்துவிட்டது. அங்கே குத்தின் வலுவும் அதிகம், பணமும் அதிகம். சிறுதாடியோடு மேடையேறிய மார்வின் ஹக்லர் 1980 இல் லண்டனில் உலகப் பட்டத்தை வென்று 1987 வரை அதனை வைத்திருந்தார். அவரது வெற்றிக்குத் தாடி காரணமெனச் சொன்னவர் எவரையும் நான் அறியேன். இன்னும் அண்மைக்கு வருவோம். 2024 டிசெம்பரில் றியாத் நகரில் ஒலெக்சாண்டர் உசிக்கும் டைசன் பியூரியும் இரண்டாம் முறை மோதினர். பியூரி பெருந்தாடி வளர்த்திருந்தார். உசிக்கின் தரப்பினர் அதற்கு ஆட்சேபனை எழுப்பினர். தாடி நீக்கப்படவில்லை. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களும் 116க்கு 112 என்ற ஒரே கணக்கில் உசிக்கிற்கே வெற்றியை அளித்தனர். ஒரு போட்டியைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாதுதான். ஆயினும் மெத்தை மெத்தையெனக் கூறி அஞ்சியவர்களுக்கு இது ஒரு செய்தி.

இனி, எதிராளியின் மீதும் வீரனின் மீதும் இத்தனை கரிசனை காட்டிய இவ்விளையாட்டின் உண்மையான தீங்கு எங்கேயிருக்கிறது என்று பார்ப்போம். மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் அறிவு மழுக்கத்தையும் ஹரிசன் மார்ட்லன்ட் என்ற வைத்தியர் 1928 இலேயே மருத்துவச் சஞ்சிகையொன்றில் விளக்கியிருந்தார். 1962 இல் நியூயோர்க்கில் எமில் கிரிபித்தின் தொடர்ச்சியான குத்துக்களுக்கு இலக்காகி பெனி பாரெட் இறந்தார். 1982 இல் தென் கொரியாவின் டுக் கூ கிம் இறந்த பின்னரே உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. அமெச்சூர் வீரர்களுக்கு 1984 ஒலிம்பிக்கில் தலைக்கவசம் அணிவிக்கப்பட்டது. 2016 ஒலிம்பிக்கில் ஆண்களின் தலையிலிருந்து அது அகற்றப்பட்டது. ஒரு விரற்கடை தடித்த கவசத்தை ஒரு தலைமுறைக்காலம் மாட்டிவைத்துப் பின் கழற்றிவிட்ட அமைப்புக்கள், அதே காலத்தில் ஓர் இளைஞனின் தாடைமயிர் குத்தைத் தணித்துவிடும் என்று கவலைப்பட்டன! குத்துத் தணிவது தீமையா, நன்மையா என்பதையேனும் அவை முதலில் முடிவு செய்திருக்கலாம்.

எனவே விதியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது எனக் கருத வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் மழித்த முகத்தைக் குறிக்கும் சொல்லிலேயே தூய்மை என்ற கருத்துப் பொதிந்திருக்கிறது. மழித்த முகம் ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் அடையாளமாயிற்று. அஃதில்லாதவன் அழுக்கன், அடங்காதவன் எனப்பட்டான். குத்துச்சண்டை வறியவரின் பிள்ளைகள் மேடையேறும் விளையாட்டு. அதற்கு விதி தந்தவர்களோ கனவான்கள். ஒரு பிரபுவின் பெயராலேயே அவ்விதிகள் இன்றும் வழங்குகின்றன. உழைப்பவனின் கைகளை மட்டுமன்றி அவனது தோற்றத்தையும் தாமே தீர்மானிக்க வேண்டுமென்பது மேலிருப்போரின் பழைய ஆசை. (மாணவரின் தலைமயிரை அளப்பதிலே எங்கள் பாடசாலைகள் செலவிடும் நேரத்தை அவர்களின் வாசிப்பிலே செலவிட்டால் என்னவென்று ஆசிரியனாகிய நான் பலகாலும் எண்ணியதுண்டு.) இங்கே வரலாறு ஒரு முரண்நகையையும் வைத்திருக்கிறது. பிரித்தானிய இந்தியப் படையில் சேர்ந்த சீக்கியர்களுக்குத் தாடியும் தலைப்பாகையும் அனுமதிக்கப்பட்டன என்பது மட்டுமன்று. அவை வற்புறுத்தவும் பட்டன. இரு உலகப் போர்களிலும் சாம்ராச்சியத்துக்காகத் தாடியுடன் சாகலாம். மூன்று நிமிடச் சுற்றொன்றில் தாடியுடன் மோதலாகாது!

இவ்விடத்தில் ஒரு கடினமான வினா எழுகிறது. தடை நீங்க வேண்டுமெனில் அது யாருக்கு நீங்க வேண்டும்? சீக்கியனுக்கும் முஸ்லிமுக்கும் மட்டுமா, அல்லது தன் முகத்தில் தாடி நன்றாயிருக்கிறது என்று எண்ணி வளர்த்தவனுக்குமா? பிரித்தானிய அரசியல் தத்துவ அறிஞர் பிரையன் பரி 2001 இல் வெளிவந்த தமது நூலில், இத்தகைய விலக்குகளை எதிர்த்து வாதிட்டார். ஒரு விதிக்கு வலிய நியாயம் உண்டாயின் எவருக்கும் விலக்களிக்கலாகாது. விலக்களிக்கும் அளவுக்கு நியாயம் நலிந்ததாயின் அவ்விதியே வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து விலக்களித்த 1976 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று. அவ்வுதாரணத்தில் அவரோடு நான் முற்றாக உடன்படேன். தலைக்கவசம் உண்மையாகவே உயிர் காப்பது. எனினும் அதனை அணியாதவன் முதன்மையாகத் தன்னுயிரையே பணயம் வைக்கிறான். சட்டம் பெரும்பான்மையோரை மனத்திற்கொண்டு எழுதப்படுகையில், சிறுபான்மையோன் ஒருவன் மட்டும் தன் மனச்சாட்சியை விலையாகக் கொடுக்க நேர்ந்தால், அவனுக்கு வழிவிடுவது நீதிக்கு முரணன்று. ‘விதி எல்லோருக்கும் ஒன்றே’ என்பார்கள். சவரக்கத்தி எல்லா முகங்களிலும் ஒரே பொருளை வெட்டுவதில்லை. ஒருவனிடம் அது ஐந்து நிமிட வேலையைக் கேட்கிறது. மற்றவனிடம் அவன் எவன் என்பதையே கேட்கிறது.

ஆனால் தாடி விடயத்தில் பரியின் இரண்டாம் கூற்றே பொருந்துகிறது. விதியின் நியாயங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்த பின்னர், விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. விலக்கு எப்போதும் ஒரு வாயிற்காவலனை வேண்டி நிற்கும். இவன் உண்மையான பக்தனா, தலைப்பாகை அணிகிறானா, தொழுகைக்குச் செல்கிறானா என்று விளையாட்டு அதிகாரி விசாரிக்கத் தொடங்குவார். ஒருவனது விசுவாசத்தின் ஆழத்தை அளக்கும் கருவி எந்தச் சங்கத்திடமும் இல்லை; இருத்தலும் ஆகாது. சமயத்தில் நாட்டமில்லாத இளைஞனும் தன் முகத்துக்குத் தானே உரிமையாளன். தாடி எல்லோருக்கும் ஆகட்டும். நீளத்துக்கு மட்டும் ஓர் எல்லை வகுத்து, மிகுந்ததை வலையால் அடக்கச் செய்தாற் போதும். இங்கிலாந்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 2018 இல் தாடித் தடையை நீக்கியது. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தாடி வைத்த வீரர்கள் மோதினர். அதனால் எவருக்கும் கண் போகவில்லை.

எதிராளியின் பெயரால் இத்தனையும் பேசப்பட்டதென்றேன். அந்த எதிராளியை எவரேனும் கேட்டதுண்டா? தாடிக்கு அயலிலுள்ள இன்னொரு விதியின் வரலாற்றில் அதற்கு விடை கிடைக்கிறது. கைகால்களை மூடும் உடையும் ஹிஜாப்பும் அணிந்து மேடையேற விரும்பிய முஸ்லிம் மாணவியொருத்தி 2016 நவம்பரில் புளோரிடாவில் நடந்த போட்டியொன்றில், சண்டை தொடங்கு முன்னரே தகுதியற்றவளென விலக்கப்பட்டாள். வெற்றி எதிராளிக்கு வழங்கப்பட்டது. அவளும் பதின்ம வயதுப் பெண்தான். ஒரு குத்தும் குத்தாமற் கிடைத்த பட்டயைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் சென்றது, விலக்கப்பட்ட மாணவியிடம். அதனை அவளோடு பகிர்ந்துகொண்டாள். 2017 ஏப்பிரிலில் அமெரிக்கச் சங்கம் அம்மாணவிக்கு அனுமதி வழங்கியது. 2019 இல் உலக அமைப்பும் ஹிஜாப்பை ஏற்றது.