ஆட்டுக்குட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

உங்கள் வீட்டில் பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாளா? அவளிடம் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து, 'இனி இது உன் பொறுப்பு. தீனி நீதான் போடணும். செலவுக் கணக்கை நீதான் எழுதணும். சில மாசம் கழிச்சு ஏலத்துக்கு நீயே கூட்டிட்டுப் போய் விக்கணும்' என்று சொல்வீர்களா?

'பாவம் சார், குழந்தை!' என்கிறீர்களா? அமெரிக்கக் கிராமங்களில் சொல்கிறார்கள். வருடா வருடம் சொல்கிறார்கள்.

'ஃபோர் ஹெச்' என்று அங்கே ஓர் இளைஞர் மன்றம். ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த்... அதாவது மூளை, மனசு, கை, ஆரோக்கியம். 1902-ல் ஒஹையோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ.பி.கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஆரம்பித்த மன்றம்தான் இதன் வேர்களில் ஒன்று. மண்ணைச் சோதிப்பது, நல்ல மக்காச்சோள விதையைப் பொறுக்குவது என்று வேலைகள். புது விவசாய முறையை அதிகாரி வந்து சொன்னால் பெரியவர்கள் லேசில் கேட்கமாட்டார்கள். சொந்தப் பிள்ளை செய்து காட்டினால்? வேலியோரம் நின்றாவது பார்ப்பார்கள் அல்லவா!

பார்த்தார்கள். 1910-ல் தெற்கு கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற பையன் ஒரே ஏக்கரில் 228 புஷல் மக்காச்சோளம் எடுத்தான். அன்றைய சராசரியைவிடப் பல மடங்கு! அதே வருடம், அதே மாநிலத்தில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்குத் தக்காளி மன்றம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். பயிரிட்டு, டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். அவர்களில் பலருக்கு 'இது என் காசு' என்று சொல்லிக்கொள்ள வாய்த்த முதல் காசு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதில் தலைமைப் பண்பு எங்கே வருகிறது?

மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருமே பிள்ளைகள்தான். கூட்டத்தை நடத்துவது அவர்கள். பெரியவர்கள் பின்னால் இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நோட்டுப் புத்தகம். வாங்கிய விலை, தீனிச் செலவு, விற்ற விலை எல்லாம் அதில் ஏற வேண்டும். நஷ்டம் வந்தாலும் எழுதியாக வேண்டும். நான் பி.காம். படித்துத் தெரிந்துகொண்டதை அந்தப் பிள்ளைகள் பத்து வயதில், ஆட்டுக் கொட்டகையில் தெரிந்துகொள்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த ஏல நாள்தான். பேர் வைத்து வளர்த்த ஆடு. அது போகிற இடம் பெரும்பாலும் கசாப்புக் கூடம் என்று பிள்ளைக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும், அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளைகள் அங்கே சகஜம்.

இது கல்வியா, கொடுமையா? பாசம் வைத்ததை விற்கப் பழக்கினால் மனசு மரத்துப்போகாதா?

நியாயமான கேள்வி. ரொம்ப நாள் யோசித்தேன். மரத்துப்போன மனசு அழாது என்றுதான் தோன்றுகிறது. கடையில் அரைக் கிலோ வாங்கி வரும் நாம் அழுவதில்லை. நமக்கு அந்த ஆட்டின் முகம் தெரியாது. அவளுக்குத் தெரியும். தன் வரவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தெரியும்.

தலைமை என்பதும் அதுதானே? முடிவு ஒருவர் எடுக்கிறார். அதன் விலையை இன்னொருவர் கொடுக்கிறார். அந்த இன்னொருவரின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பெரிய நாற்காலிகளில் உட்காரும்போதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் வேண்டும். 'என்னால முடியலை' என்று அந்தப் பிள்ளை சொன்னால், கேட்க ஆள் இருக்க வேண்டும். அடுத்த வருடம் அவள் கறவை மாடு வளர்க்கலாம், தோட்டம் போடலாம், தையல் படிக்கலாம். மன்றத்தில் அந்த வழிகளும் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எனக்கு இது வேணாம், அது போதும்' என்று அவள் தானே சொல்கிறாளே, அன்றைக்கு நோட்டில் ஏறாத ஒரு லாபம் அவள் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.