தீட்டும் சேற்றுப்புண்ணும்

கால்விரல் இடுக்கில் பூஞ்சை பற்றுவதால் வருவது சேற்றுப்புண். சுண்டுவிரலுக்கும் அதை அடுத்த விரலுக்கும் நடுவே தோல் ஊறி வெளுக்கும். பிறகு உரிந்து வெடிக்கும். நமைச்சலும் வாடையும் சேரும். வயல் சேற்றில் நின்று வேலை செய்வோரை வாட்டியதால் இந்தப் பெயர். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வயலும் இல்லை, சேறும் இல்லை. ஆனால், நாள் முழுக்கக் காலுறைக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் பாதம் புழுங்கினால் அந்த ஈரமே போதும். இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற பூஞ்சையை 1910இல் விவரித்தவர், அப்போது இலங்கையில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மகாலட்சுமி கோயிலும், அருகே மேனர் பார்க்கில் முருகன் கோயிலும் உள்ளன. கோயிலுக்குள் வெறுங்காலோடு நுழைவதே மரபு. புண்ணுள்ள கால் சந்நிதியைத் தீட்டாக்குமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

தீட்டும் நோயும் ஒன்றல்ல. பிறப்பையும் இறப்பையும் ஒட்டி வரும் தீட்டுக்கு நாள்கணக்கு உண்டு. அந்த நாள் முடிந்து தலைமுழுகினால் கழிந்துவிடும். பூஞ்சைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கழுவிய காலை ஈரத்தோடு விட்டால் அது இன்னும் செழிக்கும். ஆகவே சேற்றுப்புண் பாவத்தின் அடையாளமும் அல்ல, வழிபாட்டுக்குத் தடையும் அல்ல. எனினும் அது ஒருவர் காலிலிருந்து ஈரத் தரை வழியே இன்னொருவர் காலுக்குத் தொற்றும். இங்கே காக்க வேண்டியது சந்நிதியின் புனிதத்தை அல்ல, பக்கத்தில் நிற்பவரின் பாதத்தை.

கைவைத்தியத்திலும் இதே குழப்பம் உண்டு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது, வேப்பெண்ணெய் தடவுவது, மருதாணி வைப்பது, சீமையகத்தி இலைச்சாறு இடுவது ஆகியவை வழிவழியாக வந்தவை. வேம்பும் மஞ்சளும் அம்மனுக்கு உரியவை என்பதால் அவற்றின் மேல் நம்பிக்கை கூடுதல். இவற்றின் சாறுகள் பூஞ்சை வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, விரல் இடுக்கு வேறு. அங்கே அப்பிய பற்று காயாமல் கிடந்தால் ஈரம் தங்கும். பச்சைப் பூண்டை அரைத்து வைத்தால் தோல் வெந்தும் போகலாம்.

திருக்குறளின் வாய்மை அதிகாரம் புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் சொல்கிறது. இந்தப் புண்ணுக்கு இரண்டுமே வேண்டும். கழுவியபின் ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். காலுறையை நாள்தோறும் மாற்ற வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காமல் மருந்துக்கடையில் சொன்னால், குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் போன்ற களிம்புகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் கைவைத்தியம் செய்து பார்த்துக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.