கருவிக் குறிப்பும் ஆறு வாயில்களும்

செயற்கை நுண்ணறிவு முகவர் ஒரு மென்பொருள் கருவியை இயக்கும்போது அதன் உள்ளமைப்பு பெரும்பாலும் அதன் பார்வைக்கு வருவதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், அதற்குத் தர வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவைதான் அதன் கைக்கு வருகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் இதுவே அமைப்பு. புதிதாகச் சேர்ந்த ஊழியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளலாம். முகவருக்கு எழுதி வைத்ததுதான் எல்லாம். ஒரு பொருளைச் சொல்லால் எவ்வளவு தூரம் அறிவிக்க முடியும் என்ற பழைய தத்துவக் கேள்வி இதனால் அன்றாட வேலையாகிவிட்டது.

அந்தக் கேள்வியை மிகப் பொறுமையாக ஆராய்ந்தவர்கள் சமணர்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ளன. இம்மடம் சார்ந்த திகம்பர மரபு போற்றும் நூல்களில் முதன்மையானது உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம். அதன் முதல் அத்தியாயத்து ஏழாம் சூத்திரம், எதையும் முறையாக அறிவதற்கு ஆறு வாயில்களைச் சொல்கிறது: நிர்தேசம், சுவாமித்துவம், சாதனம், அதிகரணம், ஸ்திதி, விதானம். பொருள் எது, யாருக்கு உரியது, எதனால் உண்டாகிறது, எதில் நிலைகொள்கிறது, எவ்வளவு காலம் நிற்கிறது, எத்தனை வகைப்படும் என்பவை அவை.

ரயில் டிக்கெட்டை ரத்து செய்யும் ஒரு கருவியை எடுத்துக்கொள்ளலாம். ‘டிக்கெட்டை ரத்து செய்யும்’ என்று மட்டும் குறிப்பு இருந்தால் நிர்தேசம் ஒன்றுதான் திறந்திருக்கிறது. பதிவு செய்த கணக்குக்காரர் மட்டும்தான் ரத்து செய்யலாமா, வேறு யாரும் செய்யலாமா? பத்து இலக்க பி.என்.ஆர். எண் போதுமா? வேலை நடப்பது சோதனைத் தளத்திலா, உண்மையான முன்பதிவு அமைப்பிலா? ரத்தானதைத் திரும்பப் பெற முடியுமா? கடைசி வாயிலான விதானம் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஒரே பி.என்.ஆரில் நான்கு பேர் இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் ரத்து செய்யும் வகை உண்டா என்று குறிப்பு சொல்லாவிட்டால், பாட்டி வரவில்லை என்பதற்காக முகவர் முழுக் குடும்பத்தின் இருக்கைகளையும் விட்டுக்கொடுத்துவிடும். இந்த ஆறில் எதையும் விட்டுவிடலாம் என்று சொல்ல இடமில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் ‘இல்லை’ என்ற விடையில் இருக்கிறது. தேடும் கருவி ஒன்று காலிப் பட்டியலைத் திருப்பித் தருகிறது. அப்படிப்பட்ட ஆவணமே கிடையாது என்று முகவர் முடிவுகட்டி அடுத்த வேலைக்குப் போகிறது. சமணத் தர்க்கம் இத்தகைய ஒருதலை முடிவை ஏகாந்தம் என்று மறுக்கும். எதையும் நிபந்தனையோடு சொல்லும் சியாத்வாதத்தின்படி ஒரு பொருள் தன் திரவியம் (பொருள்), க்ஷேத்திரம் (இடம்), காலம், பாவம் (நிலை) என்ற நான்கை நோக்க உண்டு; பிறவற்றின் நான்கை நோக்க இல்லை. நிபந்தனை இல்லாத ‘இல்லை’ என்று ஒன்று கிடையாது. ஆகவே கருவிக் குறிப்பு, எந்தத் தொகுப்பில், எந்தத் தேதிவரை, எந்த அனுமதியோடு தேடப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அனுமதி இல்லாததால் மறைக்கப்பட்ட ஆவணமும் உண்மையிலேயே இல்லாத ஆவணமும் ஒரே காலிப் பட்டியலாக வந்து நிற்பது பெரிய தவறு. கருவி எழுதுவோர் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

எவ்வளவு எழுதினாலும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. சொல்வழி வரும் சுருத ஞானத்துக்கு முன்னதாகப் புலன்வழி வரும் மதி ஞானம் இருக்க வேண்டும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் அதே முதல் அத்தியாயம் கூறுகிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் நோன்பிருந்து உயிர்நீத்ததைக் குறிக்கும் நிசீதிகைக் கல்வெட்டு இருக்கிறது. ஆசிரியர் பெயரும் 57 நாள் உண்ணாநோன்பும் அதில் உண்டு. ஏன் நோற்றார் என்பது இல்லை. நோன்பு நோற்று உயிர்விடுவதை அறிந்த சமூகத்துக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வாழ்க்கையில் பங்கில்லாத வாசகருக்கு அதே வரி வெறும் எண்ணாக நின்றுவிடும். கருவிக் குறிப்பின் வாசகர் இந்த இரண்டாம் வகையினர்.

அதற்காக அளவின்றி எழுதுவதும் ஆகாது. சமணப் புலவர் பவணந்தி இயற்றிய நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலோடு மிகைபடக் கூறலையும் சேர்க்கிறது. நீண்ட விளக்கத்தில் முக்கியமான எச்சரிக்கை புதைந்துபோவது முகவர்களுக்கும் நேர்கிறது.

தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது? உயிரின் இலக்கணம் உணர்வு என்று கொள்ளும் சமணத்தில் முகவரை ஜீவனாகக் கருத இடமில்லை. அதற்கு வினை ஒட்டுவதும் இல்லை. ஆனால் வினையைக் கணக்கிடும்போது தத்துவார்த்த சூத்திரம் தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்ற மூன்றையும் சேர்த்தே எண்ணுகிறது. கவனமின்மையால் உயிருக்கு வரும் ஊறே இம்சை என்றும் கூறுகிறது. மருந்து அளவைப் பதிவு செய்யும் கருவியில் மில்லிகிராமா, கிராமா என்று எழுதாமல் விட்டவர் கையால் எதையும் செய்யவில்லை. ஆனால் செய்வித்தவர் வரிசையில் அவர் இருக்கிறார். அளவைச் சரிபார்க்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தியவர் உடன்பட்டவர் ஆகிறார்.